காணாமையும் இன்மையும்

மயங்கி வீழ்ந்தவரையும், விபத்தில் மூளை ஊறுபட்டவரையும், கண் திறந்தும் மாதக்கணக்காய்ப் பேசாது கிடப்பவரையும் ‘நினைவில்லை’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். பேச்சு வழக்குக்கு அது போதும்; ஓர் உயிரைப் பற்றித் துணிபு கூறுதற்குப் போதாது.

நம் முன்னோர் இவ்விடயத்திற் சொற்பஞ்சம் உடையவரல்லர். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என உயிரின் நிலைகளைச் சைவசித்தாந்தம் ஐந்தாக வகுத்தது. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் இவ்வவத்தைகளைப் பேசுகின்றது. இவற்றை இன்றைய வைத்திய நூலின் நோய்ப்பெயர்களோடு முடிச்சிடுதல் பொருந்தாது. சித்தாந்திகள் ஆராய்ந்தது உயிரின் இயல்பு. வைத்தியர் ஆராய்வது மூளையின் ஊறு. எனினும், உணர்வு என்பது ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டு சொற்களுள் அடங்குவதன்று என்பது இருசாரார்க்கும் ஒப்பமுடிந்தது.

வைத்தியர் முதலிற் பிரிப்பன இரண்டு. ஒன்று விழிப்பு, மற்றொன்று அறிதல். விழிப்புக்கு மூளைத்தண்டிலுள்ள நரம்புவலை இன்றியமையாதது. மொருசி, மகூன் என்னும் இருவர் 1949 இல் இதனை விளக்கினர். தன்னையும் சூழலையும் அறிதற்கு மூளையின் மேற்புறணியும் அதனோடு தொடர்புடைய உட்பகுதிகளும் வேண்டும். விழிப்பும் அறிதலும் ஒருங்கே ஒடுங்கினால் அது ‘கோமா’ எனப்படும் ஆழ்மயக்கம். பெரும்பாலும் சில வாரங்களில் அந்நிலை மாறும். சிலர் தெளிவர், சிலர் இறப்பர், சிலர்க்கு விழிப்பு மட்டும் மீளும். கண் திறக்கும், மூச்சு இயங்கும், உறக்கமும் விழிப்பும் மாறி வரும். அழைத்தால் மறுமொழி இராது. 1972 இல் ஜெனற், பிளம் என்னும் வைத்தியர் இதற்கிட்ட ஆங்கிலப் பெயர் தமிழில் ‘தாவர நிலை’ என்றாயிற்று.

பெயர் செய்யும் வினை பெரிது. மனிதரைத் தாவரம் என்றவுடனே கேட்போர் உள்ளம் பாதி கைவிட்டுவிடுகின்றது. தொல்காப்பியரோ புல்லுக்கும் மரத்துக்குங்கூட ஓரறிவு கொடுத்தவர். 2010 இல் ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று இந்நிலையை ‘மறுமொழியற்ற விழிப்பு’ என வழங்கலாம் என்றது. இப்பெயர் கண்டதைச் சொல்லுகின்றது, காணாததைத் துணியவில்லை.

இவ்வெச்சரிக்கை வீணன்று. வீதி விபத்துக்குள்ளாகி ஐந்து மாதம் மறுமொழியின்றிக் கிடந்தாள் 23 வயதுப் பெண்ணொருத்தி. அட்ரியன் ஓவன் என்பாரும் அவர் குழுவினரும் அவளை மூளைப்படக் கருவியிற் கிடத்தி, “ரெனிஸ் ஆடுவதாக எண்ணுக” என்றனர். பின்னர், “உன் வீட்டு அறைகளூடே நடப்பதாக எண்ணுக” என்றனர். நலமுடையோர் மூளையில் எவ்வெப் பகுதிகள் தொழிற்பட்டனவோ, அவையே அவள் மூளையிலும் தொழிற்பட்டன. விரலும் அசையவில்லை, கட்டளை மட்டும் நிறைவேறியது. இது 2006 இல் வெளிவந்த செய்தி. 2024 இல் வெளியான பெரியதோர் ஆய்விலே, கட்டளைக்கு வெளிப்படையாய் இணங்காத 241 பேருள் 60 பேரின் மூளை இவ்வாறு இணங்கியது. நால்வருள் ஒருவர்! எஞ்சியோர் உணர்வற்றவர் என்பதும் இதனாற் பெறப்படாது. நலமுடையோரிற் சிலரும் இச்சோதனையிற் புலப்படுவதில்லை.

உணர்வு முழுதும் இருந்தும் உடல் முற்றாய் அடங்கிய நிலையும் உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பத்திரிகாசிரியர் போபி, 1995 இல் மூளைத்தண்டிற் குருதியோட்டம் பாதிப்புற்றுச் செயலிழந்தார். பிறர் எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது இடக்கண்ணை இமைத்து, நூலொன்றையே ஆக்கினார். அந்நூல் 1997 இல் வெளிவந்தது. சில நாளில் அவர் மறைந்தார். அவ்விமையை எவரும் நோக்காதிருந்தால் அவரையும் ‘நினைவில்லை’ என்றே எழுதியிருப்போம்.

இதனால், எல்லா நோயாளரும் மீள்வர் என்று யான் சொல்லவில்லை. மூளை முழுதும் மீளாது அழிந்த மூளைச்சாவு இவற்றின் வேறு, அது சாவே. யான் வேண்டுவது ஒன்று: காணாமை வேறு, இன்மை வேறு. அளவை நூல் பயில்வோர்க்கு இது முதற்பாடம். நோயாளியின் கட்டிலருகே நிற்போர்க்கும் அதுவே. அங்கே நின்று காணிப் பங்கும் ஈமக்கடனும் பேசுதல் வேண்டா. பெயர் சொல்லி அழையுங்கள். உற்றார் செய்தி கூறுங்கள். கேளாவிடின் இழப்பொன்றுமில்லை. கேட்டிருந்தால்?