ஆற்றுக்கல் மின்ன வேண்டுமா?

பள்ளி விடுமுறையில் சுங்கைக்குக் குளிக்கப் போகும் பிள்ளைகள், கால்சட்டைப் பை நிறையக் கல்லோடு வீடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கிடக்கும்போது அந்தக் கற்கள் பால் வெள்ளை, தேன் நிறம், புகை நிறம் என்று கண்ணைப் பறிக்கும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் சாம்பல் பூத்துப் போகும். "அந்த மினுக்கம் எங்கேப்பா போச்சு?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கல்லின் மேற்பரப்பில் நம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எண்ணிலடங்காமல் இருக்கின்றன. ஈரம் அவற்றை நிரப்பியிருக்கும் வரை கல் பளபளக்கும். காய்ந்தபின் கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் மங்கிவிடும். மெருகு போடுவது என்பது அந்தக் கீறல்களைப் படிப்படியாகச் சிறிதாக்கி, கடைசியில் இல்லாமலே செய்துவிடுவதுதான்.

இதைச் செய்யும் அதிர்வுக் கிண்ண இயந்திரத்தை இப்போது வீட்டிலிருந்தபடியே வரவழைத்துக்கொள்ளலாம். பதக்கம், சாவிக்கொத்து என்று செய்து பாசார் மாலாமில் விற்கலாம் என்ற எண்ணத்தில் நம்மவர் சிலரும் வாங்குகிறார்கள். ஆனால் விலை இலேசானதல்ல, மாதச் சம்பளத்தில் நல்ல பங்கை விழுங்கிவிடும். அப்படி வாங்கியபின் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்த இரண்டு இயந்திரங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்று என்னுடையது! ஓராண்டு கழித்து அதை வெளியே எடுத்துத் தூசி தட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்மெருகு இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிமெண்டு கலக்கும் டிரம் போலச் சுழலும் பீப்பாய். அதில் கற்கள் உருண்டு விழுந்து மூலை மழுங்கும். ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். மற்றது அதிர்வுக் கிண்ணம். இதன் மோட்டாரில் ஒரு பக்கம் மட்டும் எடை கூடுதலாக இருக்கும். மோட்டார் சுற்றும்போது கிண்ணம் சுற்றாது, நடுங்கும். உள்ளேயுள்ள கற்கள் ஒன்றையொன்று உராய்ந்தபடி கிண்ணத்தைச் சுற்றி ஊர்ந்து போகும். எட்டுப் பத்து நாளில் வேலை முடியும். கல்லின் உருவம் அதிகம் மாறாது.

உருவம் மாறாது என்பதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். நான் ஏமாந்தது அதில்தான். சாலையோரத்தில் குவித்திருந்த உடைகல்லைப் போட்டேன். பத்து நாள் கழித்து மூலையெல்லாம் மூலையாகவே இருந்தது, பள்ளமெல்லாம் பள்ளமாகவே இருந்தது. மேடான இடம் மட்டும் கொஞ்சம் மினுமினுத்தது. முரட்டுக் கல்லை முதலில் பீப்பாயில் உருட்டிவிட்டுத்தான் அதிர்வுக் கிண்ணத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நமக்கோ பீப்பாய் வாங்கும் செலவு வேண்டியதில்லை. அந்த வேலையை ஆறு பல காலமாக இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது. தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல் மலை. அதன் ஊடே ஓடும் வெள்ளை நரம்புகள் குவார்ட்ஸ். அது உடைந்து ஆற்றில் உருண்டு, வழவழப்பான கூழாங்கல்லாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த பெரியவர்களைக் கேளுங்கள், வெங்கச்சங்கல் என்பார்கள். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். கீறல் விழாவிட்டால் நல்லது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. ஈப்போ பக்கத்துச் சலவைக்கல்லோ வெறும் 3. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்க்காதீர்கள். ஆசைப்பட்டு ஒரு சலவைக்கல் துண்டைப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் தேடினேன். பாலாய்க் கரைந்த தண்ணீரும் ஒரு சுண்டைக்காயும்தான் மிச்சம். கருங்கல்லையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் பல கனிமம் கலந்திருப்பதால், மென்மையானது முதலில் தேய்ந்து குழி விழும்.

கல் பொறுக்கப் போகும்போது மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். கெப்பாலா ஆயர் சொல்லிக்கொண்டு வராது. கிளாங் கேட்ஸ் குவார்ட்ஸ் குன்றிலும் தேசியப் பூங்காக்களிலும் கை வைக்கக்கூடாது. ஆற்றில் கையளவு பொறுக்குவது வேறு. சாக்குக்கணக்கில் அள்ள நில அலுவலக அனுமதி வேண்டும்.

இயந்திரம் வாங்குமுன் அதன் அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்பது 110 வோல்ட். நம் வீட்டு மின்சாரத்தில் அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் இங்கே 50 ஆகையால், வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். நம் நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்ததைத் தேடி வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கிண்ணத்தில் முக்காலுக்கு மேல் கல் இருக்க வேண்டும். குறைந்தால் கற்கள் துள்ளி மோதி, பிறை வடிவில் விரிசல் விழும். பெரிய கல் நாலைந்து போதும், மீதி கடலை அளவுக் கூழாங்கல். சிறு கற்கள் சந்துகளில் நுழைந்து, பெரிய கல் எட்டாத இடத்தையும் தேய்க்கும். வெடிப்புள்ள கல்லைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி! வெடிப்பில் ஒளிந்திருக்கும் ஒரு துளி முரட்டுத்தூள், கடைசி நாளில் வெளியே வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

தூள் என்றேன். முதலில் 120/220 எண் கார்பரண்டம், மூன்று நான்கு நாள். தூள் நசுங்கிச் சாரமற்றுப் போவதால் தினமும் கழுவிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அடுத்து 500, இரண்டு நாள். பிறகு 1000, ஒரு நாளோ இரண்டு நாளோ. கடைசியாக அலுமினியம் ஆக்சைடு மெருகுத்தூள், இரண்டு நாள். உப்புத்தாளில் போலவே எண் கூடக் கூடத் தூள் நைசாகும். அளவுக்கு, இயந்திரத்தோடு வரும் தாளில் உள்ளதே போதும். இரட்டிப்பாகப் போட்டால் சீக்கிரம் முடியாது, குழம்புதான் கெட்டியாகும்.

குழம்பின் பதத்தில்தான் இந்தக் கலையே இருக்கிறது. இயந்திரம் வாங்குபவர்கள் தோற்பது பெரும்பாலும் தண்ணீரில்தான். அதிகம் ஊற்றினால் தூள் அடியில் போய்த் தங்கிவிடும், கல் சும்மா சுற்றும். குறைந்தால் களியாகி, கற்கள் நகராமல் நின்று நடுங்கும். மோர் போலவும் கூடாது, தோசைமாவு போலவும் கூடாது. முதல் தேங்காய்ப்பால் போலக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்க வேண்டும். முதல் நாள் மணிக்கொரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் இரண்டு பீய்ச்சு, அவ்வளவுதான். நம் ஊர் வெயிலில் மத்தியானம் சீக்கிரம் காயும், மழை நாளில் தாமதமாகும். நாலைந்து நாளில் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவீர்கள். கரகரவென்றால் தண்ணீர் மிகுதி, மந்தமாக முனகினால் தாகம். மின்சாரம் தடைப்பட்டு வந்தால், தண்ணீர் தெளித்துக் கையால் கிளறிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

தூள் மாற்றும் ஒவ்வொரு முறையும் கல், கிண்ணம், மூடி எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய கல்லைச் சவர்க்காரச் சீவலும் தண்ணீரும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி கழுவுவது இன்னும் நல்லது. முடிந்தால் மெருகுக்கென்று தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய சேற்றைக் கால்வாயிலோ குசினித் தொட்டியிலோ ஊற்றாதீர்கள், சிமெண்டுபோல் இறுகி அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, அடி வண்டலை ஈரமாகவே மண்ணில் புதைத்துவிடுங்கள்.

ஈரமாகவே என்பதை அழுத்திச் சொல்கிறேன். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் மீண்டும் வெளியே வராது. கல் உடைக்கும் தொழிலாளிகளை வதைக்கும் சிலிக்கோசிஸ் நோய் அதனால்தான் வருகிறது. காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். கல்லை உலர்ந்த நிலையில் அடித்து உடைக்காதீர்கள். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் இயந்திரம் வெளித் தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும். அங்கேயும் அடியில் பழைய டயர்த் துண்டு போடுங்கள். லயத்துக் குடும்பங்களுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தானே! விடிகாலை மரம் வெட்டப் போகிறவரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு எந்தக் கல்லை மெருகேற்றி என்ன செய்வது?

பத்தாம் நாள் கல்லை எடுத்ததும் மகிழ்ந்து ஊர் கூட்டாதீர்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் மின்னும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயிலில் திருப்பிப் பாருங்கள். வானம் அதில் கூர்மையாகத் தெரிந்தால் வெற்றி. மேலே வெண்ணிறப் படலம் இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நாலு மணி நேரம் ஓட்டுங்கள். அதற்கும் போகாவிட்டால், முந்திய கட்டத்துக் கீறல் இன்னும் தீரவில்லை என்று பொருள். மெருகுத்தூளில் மேலும் பத்து நாள் விட்டாலும் அது போகாது. மனத்தைத் தேற்றிக்கொண்டு 500க்கே திரும்புங்கள். என் முதல் நல்ல கல், அப்படி இரண்டு முறை திரும்பிப் போய் வந்த கல்தான்.