ஒரு கேன் ஆயிலுக்குள் இத்தனை அதிசயமா!

நெடுஞ்சாலையில் கார் போகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அப்போது உள்ளே ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தடவை ஏறி, 50 தடவை இறங்குகிறது. அதாவது ஒரே நொடியில் 100 தடவை ஓடி, நின்று, திரும்ப ஓடுகிறது! இத்தனை ஆட்டத்திலும் உலோகத்தை உலோகம் கடித்துத் தின்றுவிடாமல் நடுவே நிற்பது கண்ணுக்கே தெரியாத ஓர் எண்ணெய்ப் படலம். சின்னக் கார்கள் பலவற்றில் இதற்காக நாம் ஊற்றுவது மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான்.

சரியாக ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடுவதே இல்லை, தெரியுமா? ஆயிலின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. அதை மிதக்க வைப்பது ஆயில் பம்பின் அழுத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்ப் ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே. சுற்றும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்துக் குறுகலான இடுக்கில் திணிக்கிறது. அங்கே பிறக்கும் அழுத்தம்தான் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை இன்னும் அருமை. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுற்றத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வந்தது! தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மரத்தில் முளை செதுக்கி அடித்தார். அதுவும் வந்துவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. அங்கே பம்ப் என்று எதுவுமே கிடையாது. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் நனைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் இந்த அதிசயத்தைக் கணிதச் சமன்பாடாக்கினார். இன்றைக்கும் பேரிங்கை வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆகவே எந்தப் பாகுத்தன்மை உள்ள ஆயிலை ஊற்ற வேண்டும் என்பது, இன்ஜினுக்குள் எவ்வளவு இடுக்கு விட்டிருக்கிறார்கள் என்பதோடு சேர்த்து முடிவு செய்யப்பட்ட விஷயம். கடைக்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ மாற்றிச் சொல்ல அதில் இடமில்லை.

கேனில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ என்ன? எடை என்று நினைத்திருந்தால், இல்லை. அது குளிர்காலத்தைக் குறிக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும் இல்லையா? குளிரில் ஆயிலும் அப்படி மந்தமாகும். எந்தக் குளிர் வரைக்கும் இன்ஜின் அதைக் கிளப்பிச் சுழற்ற முடியும் என்பதை முதல் எண் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூவை மைனஸ் 30இலும், 20டபிள்யூவை மைனஸ் 15இலும் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாதே, நமக்கு எதற்கு என்று தோன்றும். இன்ஜின் ஆயில் வேலை செய்யும் சூடு 100 டிகிரியை ஒட்டியது. அதற்கு முன்னால் சென்னையின் 30 டிகிரி காலைகூடக் குளிர்தான்! முதல் எண் சிறியதாக இருந்தால், காலையில் சாவி போட்டதும் ஆயில் இன்ஜினின் உச்சிக்குச் சீக்கிரம் ஏறும்.

இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டுக்கானது. அந்தச் சூட்டில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 40 கிரேடு அந்த 12.5இல் தொடங்கி 16.3 வரை போகிறது. 12.4 உள்ள 30ம், 12.6 உள்ள 40ம் அக்கம்பக்கத்து வீடுகள் என்பது தெரியுமா?

ஒரே ஆயில் எப்படிக் குளிரில் இளகியும் சூட்டில் தளராமலும் இருக்கிறது? அதில் கரைந்திருக்கும் பாலிமர் மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடக்கின்றன. சூடேற ஏற விரிந்துகொண்டு, ஆயில் தண்ணீராகிவிடாமல் தாங்குகின்றன. ஒரு கேனில் கோடானுகோடிச் சுருள்கள், ஒவ்வொரு காலையும் விரிந்து, ஒவ்வொரு இரவும் சுருள்கின்றன!

‘நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் லாயக்கு’ என்ற பேச்சை இதற்கு மேலும் விட்டுவைக்கக் கூடாது. வெளியே வெயில் 42 ஆனாலும் 22 ஆனாலும் தெர்மோஸ்டாட் இன்ஜினின் கூலன்டை 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களின் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு இப்போது 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று தண்ணீர் போன்ற ஆயிலைத்தான் கேட்கிறார்கள். வால்வு நேரத்தை மாற்றும் பொறியமைப்பும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. அவற்றின் நுண்ணிய வழிகளுக்குள் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் நுழையும். கையேட்டில் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கலாம். வெளியே போக வேண்டாம்.

இன்னொரு ஆச்சரியம்: ஆயிலே இன்ஜினை உடைத்திருக்கிறது! டர்போ வைத்த, நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்கள் பெருகியபோது, குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே தீ பற்றியது. பிஸ்டன்கள் நொறுங்கின. ஆராய்ந்ததில், சிலிண்டருக்குள் கசியும் ஆயில் துளியும், இன்ஜினைச் சுத்தமாக வைப்பதற்கென்று ஆயிலில் சேர்த்த கால்சியமும் இதற்குத் துணைபோனது தெரிந்தது. கால்சியத்தில் ஒரு பகுதியைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஆயில் தரம் இந்தக் கோளாறையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் சோதித்துத்தான் முத்திரை தருகிறது. கேனின் பின்புறம் இருக்கும் வட்ட முத்திரையைப் பாருங்கள். நடுவில் கிரேடு, மேல் வளைவில் தரம். ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று முன்னால் மின்னும் எழுத்துகளைவிட எனக்கு அந்தச் சின்ன வட்டம்தான் முக்கியம்.

துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம் ஆயிலில் உண்டு. உரசல் மிகுந்த இடத்தில் மட்டும் அது தானாக ஒரு கவசம் கட்டிக்கொள்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்! அதே பாஸ்பரஸ் புகையோடு போனால் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், அதற்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். இந்தச் சேர்மானங்களைத் தயாரிக்கும் ஆலை ஒன்று நம் மணலியிலேயே இருப்பது தெரியுமா? இந்தியன் அடிட்டிவ்ஸ். அதே மணலியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனம் அடிப்படை ஆயிலைப் பிரித்தெடுக்கிறது.

டீசல் கார்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி சேர்ந்தது. கரியை அது எரித்துவிடும். ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பலை எரிக்கவே முடியாது, அடைத்துக்கொண்டே போகும். சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் அதற்கு வாங்க வேண்டும். காருக்கு வாங்கி மிஞ்சிய ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. உரசலைக் குறைக்கும் கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும்.

இனி ஃபில்டர். ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது! 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் பியூரோலேட்டர் என்ற பெயரில் காருக்கு ஆயில் ஃபில்டர் கொண்டுவந்தார். 1924 கிரைஸ்லர் காரில் அது ஏறியது.

புது ஃபில்டரை வாங்கியதும் கையில் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தில் ரப்பர் வளையம். அதற்குள்ளே வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள். நடுவில் மரை போட்ட பெரிய துளை. அழுக்கு ஆயில் சின்னத் துளைகளில் நுழைந்து, மடித்து மடித்து வைத்த காகிதத்தைத் தாண்டி, நடுத்துளை வழியாகச் சுத்தமாக வெளியேறுகிறது. சின்னத் துளைகளுக்குள் எட்டிப் பார்த்தால், பல ஃபில்டர்களில் இன்னொரு ரப்பர் தெரியும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் வடிந்து ஓடாமல் தடுக்கும் வால்வு அது. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். காலையில் கிளப்பும்போது சில நொடி ‘கடகட’ சத்தம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே இன்னொரு வால்வும் உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு விட்டுவிடும்! சில இன்ஜின்களில் இந்த வால்வு ஃபில்டருக்கு வெளியே, இன்ஜினிலேயே இருக்கும். அழுக்கு ஆயிலோடு இன்ஜின் கொஞ்ச காலம் பிழைக்கும், ஆயிலே இல்லாமல் சில நிமிடங்கூடத் தாங்காது. ஆனால் ஃபில்டர் அடைத்துவிட்டால் வடிகட்டலே நடக்காது. அதனால்தான் ஆயிலை மாற்றிவிட்டுப் பழைய ஃபில்டரையே விட்டுவைக்கும் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மாட்டும்போது கவனிக்க: பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். ஃபில்டரின் மேலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரின் வேலை என்ன சாதாரணமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும்! அத்தனையும் அந்த ஒற்றைக் காகிதம் வழியாகத்தான் போகிறது. லேசாகத் தூசி படிந்த ஏர் ஃபில்டர், புதிதைவிட நன்றாக வடிகட்டும் என்பது தெரியுமா? படிந்த தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கிறது. வாரம் தவறாமல் கழற்றித் தட்டுவது நன்மையைவிடத் தீமைதான்.

ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமா? இல்லவே இல்லை! கரியைத் தன்னுள் மிதக்க வைத்து, எங்கும் படியாமல் காப்பதுதான் ஆயிலின் வேலை. டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும். உண்மையான எதிரி வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். மிச்சம் ஆயிலில் சேரும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடேறி அது ஆவியாகும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் காரில் அது அப்படியே தங்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றிய ஆயில் எங்கே போகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டதுண்டா? ஒரு ஆயில் சேஞ்சில் வடியும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதே ஆயிலைச் சாக்கடையில் விடாமல் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினால், தண்ணீரும் அழுக்கும் சிதைந்த சேர்மானங்களும் நீங்கித் திரும்பவும் அடிப்படை ஆயிலாகிறது. புதுச் சேர்மானங்கள் சேர்ந்தால் மறுபடி இன்ஜினுக்குப் போகலாம்! இந்தியாவில் பயன்படுத்திய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல், ஆயிலைத் தயாரிப்பவர்கள் மேலும் இறக்குமதி செய்பவர்கள் மேலும் வந்திருக்கிறது.