ஊசியைப் பார்க்காமல் டர்ன்டேபிளை விற்காதீர்கள்

அப்பா காலத்து கேரர்ட், அமெரிக்க மாமா விட்டுச்சென்ற தோரன்ஸ், ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கிய லின். இப்படி ஒரு நல்ல டர்ன்டேபிள் வீட்டில் இருந்து, ஒருநாள் பாட்டு கரகரத்துவிட்டால் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. "பழசாகிவிட்டது" என்று கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, அதில் பாதித் தரம்கூட இல்லாத புதியதை வாங்குகிறார்கள். அல்லது யாரோ சொன்னார்கள் என்று கேபிள், பவர் சப்ளை, டோன் ஆர்ம் என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

வைர ஊசியின் ஆயுள், வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 500 முதல் 1,000 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வேலை முடிந்தது. அதன் பிறகும் ஓட்டினால் கெடுவது ஒலி மட்டுமல்ல, தட்டின் வரியும் தேய்ந்துபோகும். அதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது என்பதால் ஷூர் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. வேண்டாம். ஜப்பானின் ஜிகோ நிறுவனம் பல ஷூர் மாடல்களுக்கு இன்றும் ஊசி செய்கிறது.

அடுத்தது பெல்ட். பல ஆண்டுகளில் ரப்பர் தளர்ந்தோ இறுகியோ போகும், வேகம் தள்ளாடும். கேரர்ட் 301, 401 போன்றவற்றில் பெல்ட் கிடையாது, ரப்பர் சக்கரம்தான். ஓட்டாமல் போட்டுவைத்தால் அதில் ஓர் இடம் தட்டையாகி 'டொக் டொக்' என்று கேட்கும். பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். இவை பராமரிப்புச் செலவுகள். இவற்றுக்காகச் செட்டையே மாற்றக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த செட்டில் வேறொரு சிக்கல். பல பழைய தோரன்ஸ், கேரர்ட் மோட்டார்களின் வேகத்தை முடிவு செய்வது மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணைத் தொடாது. 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28-க்கும் கீழே ஓடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டையில் பாடுவார். "மோட்டார் போச்சு" என்று மோட்டாரையே மாற்றிவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தேவை 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி ஒன்றுதான். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை, வோல்டேஜ் பொருந்தினால் போதும்.

சரி, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நடு பேரிங்கும் டோன் ஆர்மும் ஆட்டமில்லாமல் இருந்து, உதிரிபாகமும் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். லின் எல்பி12 எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது; 2020-இல் வந்த கரோசெல் பேரிங்கைப் பழைய எல்பி12-இலும் பொருத்தலாம். அங்கே மேம்படுத்துவதில் அர்த்தம் உண்டு, ஆனால் மொத்தக் கணக்கை முதல் நாளே காகிதத்தில் போடுங்கள். ஆர்ம் பேரிங் ஆடினால், அல்லது டைரக்ட் டிரைவில் அதற்கென்றே செய்த சிப் எரிந்து மாற்று கிடைக்காவிட்டால், பாசம் பார்க்க வேண்டாம். புதியதே வாங்கலாம்: டெக்னிக்ஸ் 2010-இல் நிறுத்திய எஸ்எல்-1200 வரிசையை 2016-இல் மறுபடி கொண்டுவந்துவிட்டது. எஸ்எம்இ ஆர்ம் இருந்தால் மட்டும் செட்டோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். அந்த நிறுவனம் 2019 இறுதியோடு ஆர்மைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டது.

இனி காகிதம். நான் சலித்துப்போவது இங்கேதான். லட்சக்கணக்கில் பெறும் செட்டை ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்காமல் மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, கார்ட்ரிட்ஜ் மாறிவிட்டது, ஊசி உடைந்துவிட்டது என்று பிறகு அழுகிறார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். செட்டின் சீரியல் எண், கார்ட்ரிட்ஜின் பெயரும் மாடலும், ஹெட்ஷெல், எடைக்கல் எல்லாம் ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். செலவு மதிப்பீடும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பில். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

தகராறு வந்தால் முதலில் எழுத்து மூலம் கடைக்கு ஒரு நோட்டீஸ், ஸ்பீடு போஸ்டில். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். மனுவோடு ஜாப் கார்டு, பில், பணம் கட்டிய சான்று, படங்கள், வேறொரு மெக்கானிக்கின் எழுத்துக் கருத்து ஆகியவை வேண்டும். மூன்று மாதத்தில், சோதனைக்கூட ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா கொடுப்பவர்களுக்கு அது நினைவிருப்பதில்லை. காகிதம் சரியாக இருந்தால் உங்கள் பக்கத்துத் தாமதமாவது குறையும். மறுபடியும் சொல்கிறேன்: பில் வாங்குங்கள்.

இன்னொன்று. தன் வீட்டுச் செட்டை விற்கும் தனிமனிதர் வணிகர் அல்ல. அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஏமாற்றியிருந்தால் காவல் நிலையம், இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம். ஆகவே பணம் கொடுக்கும் முன் உங்கள் தட்டு ஒன்றைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் முழுதாக ஓட்டிக் கேளுங்கள். சீரியல் எண்ணோடு இருவரும் கையெழுத்திட்ட ரசீது எழுதுங்கள். பெல்ட் டிரைவ் செட்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னால், பிளாட்டரையும் எடைக்கல்லையும் கழற்றித் தனியாகக் கட்டவும், ஆர்மைக் கட்டவும், ஊசிக்கு மூடி போடவும், பொருளின் மதிப்பை எழுதி இன்சூர் செய்யவும் விற்பவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். முடிந்தால் நேரில் போய் எடுத்து வாருங்கள்.