வெள்ளையடிக்கும் முன் பரணைப் பாருங்கள்: தகர ரயில் தேடிய குறிப்புகள்

திருநெல்வேலிப் பக்கம் பழைய தகர பொம்மை ரயில் தேடுகிறவனுக்கு வருஷத்தில் ரெண்டே சீசன்தான். ஒன்று புரட்டாசி, கொலுப் பெட்டி இறங்கும் நேரம். இன்னொன்று மார்கழிக் கடைசி, பொங்கலுக்கு வெள்ளையடிக்க மச்சைக் காலி செய்யும் நேரம். முதல் சீசனில் ரயில் கண்ணில் படும், ஆனால் கொடுக்க மாட்டார்கள். இரண்டாவதில் கொடுப்பார்கள், ஆனால் நமக்கு முன்னாலேயே பழைய இரும்புக்கடைக்காரர் வந்துவிட்டுப் போயிருப்பார்.

போன மார்கழியில் எனக்கு அதுதான் நடந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "அதுவா? நேத்துதான் தகரத்தோட தகரமாப் போட்டோம்" என்றார் ஆச்சி. கடைக்கு ஓடினேன். "தகரமா? மிதிச்சுக் கட்டி லாரில ஏத்தியாச்சே வே" என்றார் அண்ணாச்சி. அவர்மேல் தப்பே இல்லை. இரும்புக்கு ஒரு விலை, தகரத்துக்கு அதைவிடக் குறைச்சல் விலை. அந்தத் தராசில் ரயிலும் எண்ணெய் டின்னும் ஒன்றுதான்.

அந்த ஏமாற்றத்தில்தான் இதை எழுதுகிறேன். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் இன்னும் நாலு ரயிலாவது தப்பிக்கும்.

தகரம் என்றால் என்ன?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளீயத்தை மெல்லிய இரும்புத் தகட்டின் இரண்டு பக்கமும் பூசினால் அதுதான் தகரம். பொம்மைக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது? எளிதாக வளையும், வெட்டும், பற்றவைக்கும். முக்கியமாக, தட்டையாக இருக்கும்போதே அதன்மேல் படம் அச்சடிக்கலாம். ஜன்னல், கதவு, இன்ஜின் நம்பர் எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டு, அப்புறம் அச்சில் அழுத்தி வெட்டி மடிப்பார்கள். ஒரு பாகத்தின் சின்னக் காதை இன்னொரு பாகத்தின் துளையில் நுழைத்து வளைத்தால் பெட்டி தயார்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. வாளியில் பூசும் துத்தநாகம், கீறல் விழுந்தாலும் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படியில்லை. அது வெறும் போர்வை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்புதான் அரிபடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒழுகும் பரண் ஒன்று போதும், ரயில் செல்லரித்த மாதிரி ஆகிவிடும்.

எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனி 1891-ல் லைப்சிக் சந்தையில் தண்டவாள அளவுகளுக்கு நம்பர் கொடுத்து ரயில்களைக் காட்டியது. லிவர்பூலில் மெக்கானோ செய்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் தன் பெயரிலேயே ரயில் விற்க ஆரம்பித்தார். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான். அங்கே 1945 கடைசியில் கொசுகே என்பவர், தூக்கிப்போட்ட உணவு டின்களிலிருந்து பொம்மை ஜீப் செய்து விற்றார்.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நான் போன வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கொழும்பு." நெல்லைச் சீமைக்காரர்கள் கொழும்பில் கடை வைத்திருந்த காலம் அது. தூத்துக்குடியில் ஏறினால் கொழும்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி, தலைமன்னார் வழியும் வந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி ஓடியது. லீவுக்கு வரும் அப்பா பிள்ளைக்கு வாங்கிவந்த சாமான்தான் பல பரண்களில் கிடக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பூதக்கண்ணாடி ஒன்று போதும். அச்சை உற்றுப் பாருங்கள். புத்தக அட்டை மாதிரி நாலு நிறத்துப் பொடிப்புள்ளிகள் சீராகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்தக் காலத்து நகல். பழையதில் ஒவ்வொரு நிறமும் பெரும்பாலும் தனித்தனியாகப் பட்டையாக விழுந்திருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். "ஆக்குபைடு ஜப்பான்" என்று இருந்தால் 1952-க்கு முன்னால் செய்தது, ஏனென்றால் அந்த ஆக்கிரமிப்பு அந்த வருஷம் ஏப்ரலோடு முடிந்தது. "யு.எஸ். ஜோன் ஜெர்மனி" என்றால் போருக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். தண்டவாளம் கிடைத்தால் ஸ்கேல் வைத்து அளவெடுங்கள். உள்ளுக்குள் 32 மில்லிமீட்டர் இருந்தால் ஓ கேஜ்.

சக்கரம் வெடித்து உதிர்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். போருக்கு முந்தைய சில ரயில்களில் துத்தநாகக் கலவைச் சக்கரம் போட்டார்கள். கலவையில் காரீயம் கலந்துவிட்டால் அது காலப்போக்கில் உள்ளிருந்தே வெடிக்கும். அந்த வெடிப்பு வயசுக்கு ஒரு சாட்சி.

கிடைத்த பிறகு

முதலில், சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். உள்ளே கிரீஸ் கல்லாகியிருக்கும். வில் அறுந்தால் பல்சக்கரமும் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ரெண்டு நாள் பொறுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் அச்சும் போகும், ஈயமும் போகும். புது பெயின்ட் அடிப்பது அதைவிட மோசம். காய்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒன்றும் தெரியாத வீட்டுக்காரரிடம் தகர விலைக்கு வாங்கிவிட்டு வருவதை வேட்டை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. இது என்ன என்று முதலில் சொல்கிறேன். சொன்ன பிறகு பாதிப் பேர் கொடுப்பதில்லை. அதுவும் நல்லதுதான், பரணில் கிடந்தது கொலுப்படிக்கு வந்துவிடும்.

அம்பாசமுத்திரத்து ஆச்சி, நான் வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்து, அஞ்சறைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்தார். "பிள்ளைய தொலைச்சிருமேன்னு தனியா எடுத்து வச்சேன். எங்க வீட்டு ஐயா வாங்கிட்டு வந்தது" என்றார். எனக்குத் தர நீட்டினார். வேண்டாம் ஆச்சி, நீங்களே வச்சுக்கிடுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு எப்போது? அதற்கு முன்னால் ஒரு தடவை பரண்மேல் ஏறிப் பார்த்துவிடுங்கள்.