நாற்காலியை விட்டு இறங்காத பயணம்

மதுரைக் குடும்பங்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் வேன் பிடித்துப் போவதுதான். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில், ஆடியில் அழகர்கோவில், பள்ளி விடுமுறையில் வைகை அணை என ஆண்டுக்குச் சில முறை நிகழும் இப்பயணங்களில், சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியையோ மகனையோ இருவர் சேர்ந்து தூக்கி இருக்கையில் வைப்பதும், அது இயலாதபோது துணைக்கு ஒருவரை அமர்த்தி வீட்டிலேயே விட்டுச் செல்வதும் வழக்கமாக உள்ளன.

இந்த இக்கட்டுக்கு விடையாக அமைந்ததே சக்கர நாற்காலி ஏறும் ஊர்தி, அதாவது அமர்ந்திருப்பவர் நாற்காலியோடு ஏறி, அதிலேயே பயணம் செய்து, அப்படியே இறங்கும்படி மாற்றியமைக்கப்பட்ட வேன் அல்லது கார். 2025 டிசம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன்ஆர் காருக்கு அறிமுகப்படுத்திய, வாசலை நோக்கித் திரும்பும் சுழல் இருக்கை இவ்வகையில் சேராது. நாற்காலியிலிருந்து அதற்கு மாறி அமர வேண்டியிருப்பதால், முழங்கால் வலியுள்ள முதியவருக்கு உதவும் அது, உடல் அசைவை இழந்தவருக்கு உதவாது.

ஊர்தியின் பின்கதவுக்குக் கீழே விரியும் சாய்தளத்தில்தான் கணக்குத் தொடங்குகிறது. கட்டடங்களுக்கு ஓர் அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி; தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் உள்ள வேன் தளத்துக்கு இவ்விதிப்படி 7.2 மீட்டர் சாய்தளம் வேண்டும், அதை எந்தத் தெருவிலும் விரிக்க முடியாது. ஊர்திகளில் நாலுக்கு ஒன்று வரை சரிவு ஏற்கப்படுவதால் நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டராகச் சுருங்குகிறது என்றாலும், ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்றால், தள்ளுபவர் அச்சரிவில் கிட்டத்தட்ட 20 கிலோ சுமையைத் தூக்குமளவு விசை கொடுக்க வேண்டியிருக்கும். எனவேதான் நல்ல பட்டறைகள் வண்டியின் பின்தளத்தையே வெட்டித் தாழ்த்துகின்றன. தளம் 30 செ.மீ. ஆகும்போது அதே சரிவுக்கு 1.2 மீட்டர் பலகை போதும், அமர்ந்திருப்பவரின் தலையும் கூரையில் இடிக்காது. மோட்டார் பொருத்திய கனமான நாற்காலிகளுக்கு மின்விசையிலோ ஹைட்ராலிக் முறையிலோ ஏறியிறங்கும் மேடை பொருத்தப்படுகிறது.

உள்ளே ஏறியபின் நாற்காலியின் பிரேக்கை மட்டும் நம்புவது பெரும் பிழை. தளத்தில் பதித்த தண்டவாளம் போன்ற பட்டைகளிலிருந்து முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு வார்கள் நாற்காலியின் சட்டத்தில் கொக்கியால் மாட்டப்பட்டு, பின்வார்கள் ராட்செட்டால் விறைப்பாக இழுக்கப்படுகின்றன. கழற்றக்கூடிய கைப்பிடியிலோ சக்கரக் கம்பியிலோ கொக்கி மாட்டினால் முதல் அதிர்ச்சியிலேயே அது பிய்ந்துவிடும். மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் மோதுவதை ஒத்த பன்னாட்டுச் சோதனைகளில் விசை புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 20 மடங்கை எட்டுகிறது, 60 கிலோ ஆளை நிறுத்த 1.2 டன் தாங்கும் பிடிமானம் வேண்டும் என்பது இதன் பொருள். ஆகையால் அமர்ந்திருப்பவருக்கு இடுப்பிலும் தோளிலும் தனியான சீட் பெல்ட் கட்டாயம், முகம் முன்னோக்கியே இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு அடுத்தபடி அவரை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி எழுகிறது. கடைசி வரிசைக்கும் பின்னால், பெட்டி படுக்கைகளோடு நிறுத்தப்படுபவர் ஊர்தியில் இருந்தும் பேச்சில் இல்லை; நடுவரிசையில் ஓர் இருக்கையைக் கழற்றி, பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பூட்டும் அமைப்பே குடும்பத்துக்கு ஏற்றது, செலவு சற்றுக் கூடினாலும்.

நகரத்துக்குள், சென்னை, கோவை, மதுரைக்கென வாங்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகள் ஓரளவு துணை செய்யும். ஆனால் குலதெய்வங்கள் பேருந்துத் தடத்தில் குடியிருப்பதில்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் கரிசல் மண்ணில் சாய்தளத்தின் நுனி புதையும் என்பதால், அங்கே செல்லும் வண்டியில் அகலமான ஒரு மரப்பலகையையும் ஏற்றிக்கொள்வது நல்லது. கீழக்குயில்குடியில் சமண மலையின் படிகளில் எந்த ஊர்தியும் ஏற்றிவிடாது, ஆனால் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்து நிழலையும் எட்ட வைக்கும். 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் மதுரையிலிருந்து அரைமணி நேரத் தொலைவில்தான் உள்ளது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 41ஆம் பிரிவில், ஊர்திகளை இவ்வாறு மாற்றியமைப்பதற்கான திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது, ஆனால் பதிவு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து முறை வெளியே செல்லும் குடும்பம் இத்தகைய வண்டியைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு, வாடகைக்குக் கிடைப்பதே தேவை. மதுரைச் சுற்றுலா வேன் உரிமையாளர்கள் தம் வண்டிகளில் ஒன்றையாவது முறையான அனுமதியுடன் இப்படி மாற்ற முன்வர வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களும் முன்பணம் கொடுக்குமுன் நான்கு வார்களும் தனி சீட் பெல்ட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.