பேகம்பூரில் போன், வெளியூரில் சர்வர்: ஆட்டம் நடப்பது எங்கே?

திண்டுக்கல் பேகம்பூர் சந்து ஒன்றில் நாலு பேர் துண்டை விரித்து, பணம் கட்டி வெட்டுச் சீட்டு ஆடினால் போலீஸுக்குக் குழப்பமே இல்லை. 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் கையில் இருக்கிறது. சீட்டுக்கட்டும் பந்தயப் பணமும் பறிமுதல்; மறுநாள் பேப்பரில் இரண்டு வரிச் செய்தி. தோல் ஷாப்பில் வேலை முடித்துத் திரும்பும் இளைஞர் அதே பணத்தைப் போனில் ரம்மிக்குக் கட்டினால் எந்தச் சட்டம்? சில ஆண்டுகளாக நீதிமன்றங்களில் வக்கீல்கள் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

பழைய சட்டம் இடத்தை வைத்து எழுதப்பட்டது: சூதாட்ட விடுதி, பொது இடம். திறமை விளையாட்டுக்கு அதில் விலக்கு உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1967-ல் ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீட்டைக் கையில் பிடித்து ஆடிய காலத்துத் தீர்ப்பு அது. பின்னாளில் ஆன்லைன் கம்பெனிகளுக்கு அதுவே கேடயமானது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழக அரசு கொண்டுவந்த தடையை, 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைந்தது. புதுச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆடுபவருக்கு 3 மாதச் சிறை அல்லது ரூ.5,000 அபராதம், நடத்துபவருக்கு 3 ஆண்டுச் சிறை அல்லது ரூ.10 லட்சம் அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். வெளிமாநிலக் கம்பெனிகளையும் இந்தச் சட்டம் விடவில்லை. சர்வர் எங்கே இருந்தாலும், ஆடுபவர் தமிழ்நாட்டில் இருக்கிறாரா என்று பார்க்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் சட்டம் செல்லும் என்ற உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலிலிருந்து நீக்கியது.

தடுக்க முடியாததைக் கட்டுப்படுத்தலாம் என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரம் தாண்டி ஆடினால், எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எவ்வளவு பணம் போனது என்று அரைமணிக்கு ஒருமுறை திரையில் வர வேண்டும். என் பார்வையில் இந்தச் சட்டப் போரில் மிகவும் மனிதத்தன்மையுள்ள விதி இதுதான். தோற்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. விதி அவனைப் பார்க்க வைக்கிறது. தகவல் தொழில்நுட்பம் மத்திய அரசின் கையில் என்று கம்பெனிகள் வாதிட்டன. பொது சுகாதாரம் மாநிலத்தின் அதிகாரம் என்று கூறி 2025 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதிகளை ஏற்றது.

'ஆட்டம் எங்கே' என்ற கேள்வி அமெரிக்காவையும் ஆட்டிவைத்தது. அங்கே பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி நடத்தும் முறையை 1988-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அது அவர்களுடைய தன்னாட்சி உரிமையோடு சேர்ந்த விஷயம். ஃப்ளோரிடா மாநிலமும் செமினோல் பழங்குடியும் 2021-ல் போட்ட ஒப்பந்தப்படி, பழங்குடி நிலத்தில் சர்வர் இருந்தால் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து பந்தயம் கட்டினாலும் அது அங்கேயே நடந்ததாகக் கொள்ளப்படும். இதை எதிர்த்த மனுவை விசாரிக்க 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அங்கே சர்வர் இருக்கும் இடம்; இங்கே ஆள் இருக்கும் இடம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே தூக்கிப்போட்டு, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்தினால் 3 ஆண்டுச் சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இது சரியான திருப்பம். இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

வீடுகளில் கேட்கும் கேள்வி வேறு: போன பணம் வருமா? மனமறிந்து ஆடித் தோற்றதை மீட்பது கடினம். பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தாது. ஜெயித்த பணத்தைத் தராமல் மேலும் கட்டச் சொல்லும் போலிச் செயலி என்றால் அது மோசடி. தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்களையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அழித்துவிடாதீர்கள். கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் ஆலோசனை தேடும் பெண்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் வக்கீல் உதவி இலவசம்.