பிரெட் மாவு பிசையும் மிக்சர் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

ஆர்.எஸ்.புரத்தில் வீட்டிலேயே பிரெட் சுட்டு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைக்கு 12 பிரெட் ஆர்டர். முந்தின நாள் ராத்திரி மிக்சரில் கருகல் வாடை, அப்படியே நின்றுவிட்டது. அவசரத்தில் அதே மாடலை வாங்கினால் மறுபடியும் அதே கதைதான்.

ஏன் நின்றது?

முதலில் பழசைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சின்ன செலவில் முடிந்துவிடும். காயில் கருகியோ, கியர் பல் மழுங்கியோ இருந்தால், பெரும்பாலும் தாங்காத சுமையை ஏற்றியிருக்கிறீர்கள். காயில் கட்ட கோவையில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் சுமையைக் குறைக்காமல் காயில் மட்டும் கட்டிப் பிரயோஜனமில்லை.

கணக்கு எங்கே தப்புது?

400 கிராம் பிரெட்டுக்கு சுமார் 250 கிராம் மைதா. 12 பிரெட்டுக்கு 3 கிலோ. தண்ணீர், வெண்ணெய் சேர்ந்தால் பிசைந்த மாவு 5 கிலோவைத் தொடும். 5 லிட்டர் ஸ்டாண்ட் மிக்சரில் ஒரு தடவைக்கு 1 கிலோ மைதா போடுவதே அதிகம். பெட்டியில் இருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். அது மெஷின் இழுக்கும் மின்சாரம், முறுக்கும் பலம் இல்லை.

கிரைண்டர் போதாதா?

வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர், கேட்கத்தான் செய்வோம். டேபிள் டாப் கிரைண்டரோடு வரும் பிசையும் அட்டாச்மென்ட் சப்பாத்திக்கு ஓகே. பிரெட் மாவு ரப்பர் மாதிரி இழுக்கும், 10 நிமிஷமாவது பிசையணும். அந்த 150 வாட் மோட்டார் பாவம்.

அப்போ எது?

வாரம் ஒரு நாள்தான் என்றால், நல்ல ஸ்டாண்ட் மிக்சரில் முக்கால் கிலோ வீதம் நாலு ஈடு போடலாம், நடுவில் மோட்டாரை ஆறவிட்டு. தினமும் 3 கிலோ என்றால் ஸ்பைரல் மிக்சர்தான். இதில் கொக்கியோடு பாத்திரமும் சுற்றுவதால் மாவு அவ்வளவாகச் சூடாகாது. ஏப்ரல் வெயிலில் இது பெரிய விஷயம். பிசைந்த மாவு 26 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் அவசரப்படும். எந்த மெஷினானாலும் கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆனால் ஸ்பைரலில் க்ரீம் அடிக்க முடியாது. அரை கிலோ மைதா போட்டால் கொக்கியில் சிக்கவே சிக்காது. கனமும் அதிகம், மாடி வீடு என்றால் யோசிங்க.

கடையில் ‘5 கிலோ’ என்றால் மைதாவா, பிசைந்த மாவா என்று கேளுங்கள். வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடுமா, கியர் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட்டு, முடிந்தால் உங்கள் மைதாவை எடுத்துப்போய் முழு அளவு பிசைந்து பார்த்தே காசைக் கொடுங்கள்.